பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்குச் சரியாக இருந்த அக்கி மாத்திரை, அம்மாவுக்கு மட்டும் ஏன் அதிகமானது?

ஈசூன்_மகள்
செவ்வாய், இரவு 11.40

எல்லாருக்கும் வணக்கம். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்து நாள் ஆகிறது. இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் நடந்தது எனக்கு இன்னும் முழுதாகப் புரியவில்லை. மருந்து விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் புண்ணியமாகப் போகும்.

அம்மாவுக்கு 76 வயது, 44 கிலோ, உயரம் 148 செ.மீ. நீரிழிவும் ரத்தக் கொதிப்பும் இருபது வருடமாக உண்டு. இங்கே சிங்கப்பூரில் அரசாங்கப் பலதுறை மருந்தகத்தில்தான் (பாலிகிளினிக்) பார்க்கிறோம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இடது விலா எரிகிறது என்றார். வீட்டில் வலி மாத்திரை இருந்தது, அதைக் கொடுத்தேன். மறுநாள் காலை பார்த்தால் முதுகிலிருந்து மார்புக்குக் கீழே வரை பட்டை போட்டதுபோலக் கொப்புளம். பார்த்ததுமே அம்மா "அக்கி" என்று சொல்லிவிட்டார். மன்னார்குடிப் பக்கம் அவர் ஊரில் குயவர் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுதுவாராம். இங்கே யார் எழுதுவார்கள் என்று கேட்டார். நான் அவரைக் கூட்டிக்கொண்டு, அன்று திறந்திருந்த ஒரு கிளினிக்குக்குப் போனேன். நாங்கள் வழக்கமாகப் போகிற இடம் இல்லை.

டாக்டர் நல்லவிதமாகத்தான் பார்த்தார். உடனே மாத்திரை தொடங்க வேண்டும் என்று வாலாசைக்ளோவிர் எழுதினார். 500 மி.கி. மாத்திரை, வேளைக்கு இரண்டு, நாளுக்கு மூன்று வேளை, ஏழு நாள். மருந்து ஒவ்வாமை உண்டா என்று கேட்டார், இல்லை என்றேன். வேறு நோய்? நீரிழிவு, பிரஷர் என்றேன். கிட்னி பற்றி அவரும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. "கிட்னி கொஞ்சம் குறைவாக இருக்கிறது, பார்த்துக்கொள்வோம்" என்று பலதுறை மருந்தகத்தில் சொல்லியிருந்தார்கள். அதை ஒரு நோயாக நான் எண்ணவே இல்லை.

கைபேசியில் அலாரம் வைத்து, காலை 7, மதியம் 3, இரவு 11 என்று ஒரு வேளைகூடத் தவறாமல் நானே கொடுத்தேன். இரவு 11 மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிக் கொடுத்தேன். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

திங்கள் சாயங்காலம் அம்மா கட்டிலில் உட்கார்ந்து விரல்களை அசைத்துக்கொண்டே இருந்தார். என்னம்மா என்றேன். "பூ கட்டுறேன், நாரு பத்தல" என்றார். கையில் எதுவும் இல்லை. அப்புறம் செருப்பு அலமாரிப் பக்கம் பார்த்து, "அக்கா வந்து எவ்வளவு நேரமா நிக்கிறாங்க, ஒரு வாய் தண்ணி குடுக்கக் கூடாதா" என்று என்னைக் கடிந்துகொண்டார். பெரியம்மா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. பேச்சு குழறியது. நடுநடுவே கை தானாகத் துள்ளியது. பக்கவாதம் என்றே நினைத்து 995இல் ஆம்புலன்ஸை அழைத்தேன்.

தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், பக்கவாதம் இல்லை. வார்டுக்கு மருந்தாளுநர் ஒரு பெண் வந்தார், சின்ன வயதுதான். மாத்திரை அட்டையை வாங்கி எத்தனை பாக்கி என்று எண்ணினார். அம்மாவின் எடையைக் கேட்டுக் கணக்குப் போட்டார். "நாளுக்கு இரண்டு மாத்திரை போதும், ஆறு போயிருக்கிறது" என்றார். மருந்தை நிறுத்தி, நரம்பு வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். வியாழன் காலை அம்மா கண் விழித்து, காப்பியில் சர்க்கரை இல்லை என்று தாதியிடம் குறைப்பட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

என் சந்தேகம் இதுதான். பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கு 58 வயது, 62 கிலோ. போன வருடம் அவருக்கும் அக்கி வந்து, இதே மாத்திரையை இதே கணக்கில் ஏழு நாளும் சாப்பிட்டார், ஒன்றும் ஆகவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஏன்? பலதுறை மருந்தகத்தில் மூன்று மாதத்துக்கு முன் எடுத்த அறிக்கையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) 145 மைக்ரோமோல், இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு) 30 என்று இருக்கிறது. வார்டில் அந்தப் பெண் அதே 145ஐ வைத்து 20 என்றார். ஒரே ரத்தத்துக்கு எப்படி இரண்டு எண்? இனி எந்த மருந்து கொடுத்தாலும் நான் எதைக் கேட்க வேண்டும்?

—

ஜூரோங்_அண்ணன்
புதன், காலை 6.15

தங்கச்சி, முதலில் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்ததை நேரம் தவறாமல் கொடுத்திருக்கிறீர்கள். அதில் உங்கள் தப்பு எதுவும் இல்லை.

நான் நான்கு வருடமாக டயாலிசிஸ் செய்கிறேன், திங்கள் புதன் வெள்ளி. போன வருடம் வீட்டில் எனக்கும் மகனுக்கும் ஒன்றாக ஃபுளூ வந்தது. இரண்டு பேருக்கும் ஒசெல்டாமிவிர். அவனுக்கு 75 மி.கி., காலையும் இரவும், ஐந்து நாள், மொத்தம் பத்து கேப்ஸ்யூல். எனக்கு 30 மி.கி. செவ்வாய் அன்று ஒன்று, புதன் டயாலிசிஸ் முடிந்ததும் ஒன்று, வெள்ளி முடிந்ததும் ஒன்று. மூன்றே மூன்று! எனக்கு என்னவோ குறைத்துக் கொடுத்துவிட்டார்கள் என்று மனைவிக்குச் சந்தேகம். என் உடம்பில் மருந்தை வெளியேற்றுவது அந்த இயந்திரம்தான், அது ஓடாத நாளில் போட்டது அப்படியே உள்ளே நிற்கும், ஓடினால் அடித்துக்கொண்டு போய்விடும், அதனால்தான் முடிந்த பிறகு கொடுக்கிறோம் என்று நிலையத்துத் தாதி விளக்கினார். மூன்றிலேயே எனக்குச் சரியாகிவிட்டது.

என் பர்ஸில் ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். டயாலிசிஸ் நாட்கள், எடை, நிலையத்தின் தொலைபேசி எண். எந்த கிளினிக் போனாலும் அடையாள அட்டையோடு அதையும் நீட்டிவிடுவேன். இப்போது இயந்திரத்துக்குக் கிளம்புகிறேன், சாயங்காலம் வந்து பார்க்கிறேன்.

—

மருந்துமேசை
புதன், இரவு 9.05

சகோதரி, நான் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்கள் அம்மாவைப் போன்றவர்களை வார்டில் பார்த்திருக்கிறேன். வெறும் கையில் பூ கட்டுவது, சுவரில் ஆள் தெரிவது, கை துள்ளுவது, எல்லாம் இந்த மருந்து மிஞ்சும்போது வருகிற அறிகுறிகள்தான். பெரும்பாலும் தொடங்கி ஒன்றிலிருந்து மூன்று நாளுக்குள் தெரியும், மருந்து வெளியேறியதும் தெளியும். சிலருக்கு டயாலிசிஸ் போட்டே வெளியேற்ற வேண்டி வரும். உங்கள் அம்மாவுக்கு அது தேவைப்படாமல் போனதே பெரிய ஆறுதல்.

மருந்தைத் தப்பாக எண்ண வேண்டாம். வாலாசைக்ளோவிர் உடம்புக்குள் போனதும் அசைக்ளோவிராக மாறுகிறது. அசைக்ளோவிர் கெர்ட்ரூட் எலியன் தலைமையிலான குழு கொண்டுவந்த மருந்து. அவர் 1988இல் நோபல் பரிசு பெற்றவர். அந்த மருந்தின் அழகு என்னவென்றால், வைரஸ் புகுந்த செல்லில் அந்த வைரஸின் சொந்த நொதிதான் அதைத் தட்டி எழுப்புகிறது. மற்ற செல்களில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். அதனால்தான் இவ்வளவு பேர் பயமில்லாமல் சாப்பிட முடிகிறது. ஆனால் உடம்பை விட்டு வெளியேற அதற்கு ஏறக்குறைய ஒரே வழிதான், சிறுநீரகம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையச் சுமார் 3 மணி நேரம். சிறுநீரகம் முழுதும் செயலிழந்தவருக்குச் சுமார் 14 மணி நேரம். உங்கள் அம்மா இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார். காலை 7 மணிக்குப் போட்டது வெளியேறும் முன்பே 3 மணிக்கு அடுத்தது, அதன் மேல் 11 மணிக்கு இன்னொன்று. திங்கள் சாயங்காலத்துக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று பாருங்கள்.

சரி, இப்போது உங்கள் இரண்டு எண். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதில்தான் விஷயமே இருக்கிறது.

அறிக்கையில் அச்சாகி வரும் இஜிஎஃப்ஆர், உடல் மேற்பரப்பு 1.73 சதுர மீட்டர் உள்ள ஒருவருக்கு என்று வைத்துச் சொல்வது. உங்கள் அம்மாவின் உயரத்துக்கும் எடைக்கும் அது சுமார் 1.35தான் வரும். அறிக்கை போட்ட கணினிக்கு அவர் எடை தெரியாது. வயது, பாலினம், கிரியேட்டினின், இவ்வளவுதான் தெரியும். மருந்தாளுநர் போட்டது காக்கிராஃப்ட்டும் கால்ட்டும் 1976இல் வெளியிட்ட கணக்கு. அதில் எடை உண்டு. 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, பெண் என்றால் 1.04ஆலும் ஆண் என்றால் 1.23ஆலும் பெருக்கி, கிரியேட்டினினால் வகுக்க வேண்டும். உங்கள் அம்மாவுக்கு 64 பெருக்கல் 44 பெருக்கல் 1.04, வகுத்தல் 145. நிமிடத்துக்கு 20 மில்லிலிட்டர். அந்தப் பெண் சொன்னது இதைத்தான்.

இந்த மருந்தின் அளவு அட்டவணை அந்த எண்ணைப் பார்த்தே எழுதப்பட்டது. அக்கிக்கு, 50க்கு மேல் இருந்தால் ஒரு கிராம் மூன்று வேளை. 30 முதல் 49 வரை ஒரு கிராம் இரண்டு வேளை. 10 முதல் 29 வரை ஒரு கிராம் ஒரே வேளை. 10க்கும் கீழே போனால் அரை கிராம் ஒரு வேளை. ஆக உங்கள் அம்மாவுக்கு நாளுக்கு இரண்டு மாத்திரை, அவருக்குப் போனது ஆறு. இஜிஎஃப்ஆர் 30ஐ மட்டும் பார்த்து இரண்டு வேளை கொடுத்திருந்தால்கூட இரண்டு மடங்கு ஆகியிருக்கும். பக்கத்து வீட்டு ஆண்ட்டிக்கு கிரியேட்டினின் 65 என்று வைத்துக்கொண்டால் கணக்கு 81 வருகிறது. அவருக்கு முழு அளவுதான் சரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. தசை குறைந்த வயதானவர்களுக்கு அது கொஞ்சம்தான் உற்பத்தி ஆகும், அதனால் சிறுநீரகம் பாதிக்குமேல் போயிருந்தாலும் எண் பயமுறுத்தாது. 40 வயதில் 80 கிலோ எடையுள்ள ஓர் ஆணுக்கு அதே 145 இருந்தால் அவர் கணக்கு 68. அவருக்கு முழு அளவு கொடுக்கலாம். ஒரே 145, ஒருவருக்கு ஆறு மாத்திரை, இன்னொருவருக்கு இரண்டு. அதனால் "கிரியேட்டினின் கொஞ்சம்தான் கூட" என்ற பேச்சை ஒல்லியான வயதானவர்கள் விஷயத்தில் நான் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை.

நீங்கள் கொடுத்த வலி மாத்திரை எது? டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென், மெஃபனாமிக் அமிலம் வகையாக இருந்தால், அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை இன்னும் குறைத்திருக்கும். ஆஸ்பத்திரிக்குப் போன அன்று கிரியேட்டினின் எவ்வளவு இருந்தது? வலியில் தண்ணீரும் சரியாகக் குடித்திருக்க மாட்டார்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாங்களாகவே மாத்திரையைக் குறைக்கக் கூடாது. குறைவாகப் போனாலும் கெடுதல்தான். உறுப்பு மாற்று செய்தவர்களுக்கு சைட்டோமெகலோ வைரஸுக்காகக் கொடுக்கும் வால்கேன்சைக்ளோவிரை, ரத்த அணுக்கள் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் தேவைக்கு மேல் குறைத்தால், வைரஸ் அந்த மருந்துக்கே பழகிவிடும். அப்புறம் கையில் மிஞ்சும் மருந்துகளில் சில இன்னும் கடுமையானவை. அக்கிக்கும், கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்குவது முக்கியம். ரத்தப் பரிசோதனை வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கையில் சமீபத்திய எண் ஒன்று இருந்தால் அந்த இடத்திலேயே சரியான அளவில் தொடங்கிவிடலாம்.

அதனால் உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில். அம்மாவின் கிரியேட்டினின், அது எடுத்த தேதி, எடை, வயது, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பலதுறை மருந்தகத்து முடிவுகள் ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் கணக்கு வழியாக நுழைந்தால் தெரியும். மருந்து வாங்கும் மேசையில் "இந்த அளவு இவருடைய சிறுநீரகத்துக்குச் சரியா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டு யாரும் என்னிடம் கோபத்தைச் சம்பாதித்ததில்லை. கேட்கமாட்டார்களா என்று நாங்கள்தான் ஏங்கியிருக்கிறோம்.

—

உட்லண்ட்ஸ்_வாசகி
வியாழன், மதியம் 1.20

மருந்துமேசை அண்ணா, உங்கள் பதிலை இரண்டு தடவை படித்தேன். வெளியில் யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்கிறேன்.

என் கணவருக்கு ஹெபடைடிஸ் பி. டெனோஃபோவிர் 300 மி.கி. தினமும் ஒன்று, பல வருடமாக. இரண்டு வருடத்துக்கு முன் கிட்னி எண் 40 பக்கம் வந்ததும், இனி ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றார்கள். செலவைக் குறைக்கத்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. ஈரல் கெட்டுவிடுமோ என்ற பயத்தில் அவருக்கே தெரியாமல் ஒரு வாரம் தினமும் கொடுத்தேன். அடுத்த தடவை போனபோது மனம் கேட்காமல் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. உடம்பு மெதுவாக வெளியேற்றுவதால் ஒரு மாத்திரையே இரண்டு நாள் வேலை செய்கிறது என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். அப்புறம் டெனோஃபோவிரின் இன்னொரு வகை, 25 மி.கி., அதற்கு மாற்றினார்கள். இப்போது தினமும் ஒன்று.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுத்த மாதங்களில் தேக்காவில் வாங்கிய தினசரி காலண்டரில் மாத்திரை நாளுக்கெல்லாம் குங்குமப் பொட்டு வைத்துக் கிழிப்பேன். இல்லையென்றால் நேற்றா இன்றா என்று தினமும் குழப்பம்தான்.

ஒரு கேள்வி அண்ணா. எல்லா வைரஸ் மருந்தும் கிட்னியை வைத்துத்தானா?

—

மருந்துமேசை
வியாழன், இரவு 8.30

டாக்டரிடம் சொன்னீர்களே, அது பெரிய விஷயம். ஹெபடைடிஸ் பி மாத்திரையைக் கூட்டுவது ஒரு பக்கம் இருக்கட்டும், திடீரென்று நிறுத்துவது அதைவிட மோசம். ஈரல் அழற்சி பொங்கி வரும்.

உங்கள் கேள்விக்கு, இல்லை. ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு கணக்கு உண்டு. குழந்தைகளுக்கு ஒசெல்டாமிவிர் எடையைப் பார்த்து. 15 கிலோ வரை 30 மி.கி., 40 கிலோவுக்கு மேல் பெரியவர்களின் 75. எச்ஐவி மருந்து எஃபாவிரென்ஸை ஈரல்தான் உடைக்கிறது, அதை உடைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அவர்களுக்கு அதே 600 மி.கி. தலைசுற்றலும் கெட்ட கனவுமாகப் போகும். கோவிட்டுக்கு வந்த பாக்ஸ்லோவிட்டில் இரண்டு பார்வையும் வேண்டும். சிறுநீரகம் குறைந்தால் நிர்மட்ரெல்விர் 300 மி.கி. 150 ஆகும். கூடவே, நோயாளி சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் பார்க்க வேண்டும், கொழுப்புக்கான சிம்வாஸ்டாட்டினை நிறுத்தித்தான் கொடுக்கலாம். ஆனால் நம் வீடுகளில் நீரிழிவு அதிகம், அதனால் முதலில் இடிப்பது பெரும்பாலும் சிறுநீரகம்தான்.

—

ஈசூன்_மகள்
ஞாயிறு, மாலை 5.50

எல்லாருக்கும் நன்றி. ஜூரோங் அண்ணா, உங்கள் முதல் வரியைப் படித்த பிறகுதான் அன்று தூங்கினேன்.

மருந்துமேசை அண்ணா கேட்டதற்கு, அன்று ஆஸ்பத்திரியில் கிரியேட்டினின் 178. வலி மாத்திரை டைக்ளோஃபெனாக்தான், என் கணவரின் முதுகுவலிக்கு வாங்கியது. மூன்று நாளில் ஐந்து கொடுத்திருக்கிறேன். அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியை விட்டு வரும்போது 150க்கு இறங்கியிருந்தது.

தாள் எழுதிவிட்டேன். அம்மாவின் அடையாள அட்டை உறைக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அது நேற்றே வேலைக்கு வந்தது. கொப்புளம் காய்ந்துவிட்டது, ஆனால் விலாவில் மின்சாரம் பாய்வதுபோல வலி இருக்கிறது, சேலை பட்டால்கூடத் தாங்கவில்லை. முதலில் போன அதே கிளினிக்குக்குத்தான் போனேன். போக வேண்டாம் என்று கணவர் சொன்னார். நடந்ததை அந்த டாக்டர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் எழுந்து அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். தாளிலிருந்த நான்கு எண்ணையும் தன் கணினியில் அம்மாவின் பெயருக்கு மேலே வருகிற மாதிரி ஏற்றிக்கொண்டார்.

நரம்பு வலிக்கு காபாபென்டின், 300 மி.கி., மூன்று வேளை என்று சொல்லத் தொடங்கியவர் பாதியில் நிறுத்திவிட்டார். அதுவும் சிறுநீரகம் வழியாகத்தான் போகுமாம். எடையைப் பார்க்கலாம் என்று அம்மாவைத் தராசில் ஏற்றினார். 42.6. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்ததில் ஒன்றரைக் கிலோ போல இறங்கியிருக்கிறது. எனக்கு முன்னாலேயே கணக்குப் போட்டார், 19 வந்தது. தாளில் 44ஐ அடித்துவிட்டு 42.6 என்று நானே எழுதினேன்.

அம்மாவுக்கு இப்போது இரவு ஒரு கேப்ஸ்யூல் மட்டும்.

—

மருந்துமேசை
ஞாயிறு, இரவு 10.10

சரியான அளவு. முதல் ஒரு வாரம் எழுந்து நடக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், தூக்கக் கலக்கம் இருக்கும். வலி அடங்கிய பிறகு அக்கித் தடுப்பூசி பற்றிப் பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள், ஒருமுறை வந்தவர்களும் போட்டுக்கொள்ளலாம். இரண்டு ஊசி. அதற்கு மட்டும் எடையும் வேண்டாம், கிரியேட்டினினும் வேண்டாம், எல்லாப் பெரியவர்களுக்கும் ஒரே அளவுதான்.